வராதவர்கள் ஐவர்

வாருங்கள், வாசகப் பெருமக்களே! ஐந்தாம் மாடி வரை ஏறி வாருங்கள். மின்தூக்கி வேண்டாம், படிக்கட்டிலேயே வாருங்கள். ஏறும்போது காலடியைக் கவனியுங்கள். ஒரு காகிதத் துண்டு கிடக்கிறதா? ஒரு செருப்புத் தடம் தெரிகிறதா? ஒன்பது மாடிப் படிகளையும் நாளுக்கு இருமுறை குனிந்து கழுவி, நிமிர்ந்து துடைத்து, மீண்டும் குனிகிற பெண்களின் உடலை, "உடலுழைப்பு அற்ற உடல்" என்று அறிவியலின் பெயரால் எழுதிவைத்தார்கள் இந்தக் கட்டடத்தில். எழுதியதோடு நின்றார்களா? அந்த எழுத்துக்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய்யையும் எழுதினார்கள். எழுதிய கை கல்நெஞ்சக்காரரின் கை என்றால் ஒரு சாபத்தோடு கதையை முடித்துவிடலாம். ஆனால் அது நல்லவள் ஒருத்தியின் கை. நாதியற்ற கை. அதனால்தான் உங்களைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அவளுக்கென்று ஒரு பெயர் உண்டு. முனைவர் பட்டச் சான்றிதழில் அது கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. ஆனாலும் அந்தக் கட்டடத்தில் அவளை எல்லாரும் மூச்சம்மா என்றே அழைத்தார்கள். உடற்பயிற்சி அறிவியல் ஆய்வகத்தில் டிரெட்மில் மேல் நிற்பவர்களின் மூக்கையும் வாயையும் மூடி ரப்பர் முகமூடி பொருத்தி, தலைக்குப் பின்னால் பட்டையை இழுத்து இறுக்கி, "மூச்ச விடுங்க, நல்லா விடுங்க, அவ்வளவுதான், இன்னும் ஒரு நிமிஷம்" என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பது அவள் வேலை. முகமூடியிலிருந்து குழாய் கருவிக்குப் போகும். ஒருவர் தம் சக்தி முழுவதையும் செலுத்தி ஓடும்போது ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகிறார் என்பதைக் கருவி எண்ணாகச் சொல்லும். அந்த எண் கூடினால் உடல் தேர்ந்தது என்று பொருள், குறைந்தால் தளர்ந்தது என்று பொருள்.

மூச்சம்மாவின் வாழ்வும் ஓர் ஆய்வுநல்கையில் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுக் காலம் தம் பொறுப்பில் ஆய்வு நடத்த வழங்கப்படுவது அது. ஆய்வகத்தில் அதைப் போஸ்ட்டாக் என்று சுருக்கிச் சொல்வார்கள். பட்டம் வாங்கி ஐந்தாண்டுக்குள் அதைப் பெற்றாக வேண்டும், தவறினால் கதவு அடைபட்டுவிடும். அவளுடைய ஐந்தாண்டில் ஓராண்டைக் கருவியின் பழுது தின்றது. ஒன்றரை ஆண்டை நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தின்றது. இரண்டு முறை விண்ணப்பித்தாள். "முன்னோட்டத் தரவு போதாது" என்று இரண்டு முறையும் ஒரே வரியில் பதில் வந்தது. இது மூன்றாம் முறை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி நேரம். அதோடு ஐந்தாண்டும் முடிகிறது. கிடைக்காவிட்டால் தற்காலிக உதவியாளர் என்ற சீட்டையும் மாத இறுதியில் கிழித்துவிடுவார்கள். பதினோரு ஆண்டுப் படிப்பு, முகமூடி கழுவிய நீரோடு சாக்கடைக்குப் போகும்.

இந்த முறை தரவு இருந்தது. சிக்கலே அதுதான்.

அதே கட்டடத்தில் வேலை செய்யும் இருபது பெண்களை ஆய்வுக்குச் சேர்த்திருந்தாள். பதினைந்து பேர் அலுவலகப் பிரிவுகளில் நாற்காலியில் அமர்ந்து எழுதுபவர்கள். ஐந்து பேர் துப்புரவுப் பணியாளர்கள். எல்லாரிடமும் ஒரே வினாப்படிவம் கொடுக்கப்பட்டது. "வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" என்பது கேள்வி. இருபது பேரும் பூஜ்யம் என்றார்கள். படிவத்தில் வேறு கேள்வி இல்லை. என்ன வேலை செய்கிறாய், எதைத் தூக்குகிறாய், எத்தனை படி ஏறுகிறாய் என்று அந்தத் தாள் யாரையும் கேட்கவில்லை. எனவே இருபது பேரும் "உடலுழைப்பு அற்றோர்" என்ற ஒரே பட்டியலில் அடைக்கப்பட்டார்கள். அடைத்தவள் மூச்சம்மா. கேள்வி கேட்கக் கற்றவள், கேட்க வேண்டியதைக் கேட்கத் தவறினாள்.

தவறு முதல் சோதனையிலேயே பல்லைக் காட்டியது. துப்புரவுப் பெண்களில் மூத்தவரை மாடிப்படி அக்கா என்பார்கள். ஐம்பதை நெருங்கியவர், ஒடிசலான உடம்பு, ஓயாத வாய். முகமூடியைப் பொருத்தும்போதே அவர் சொன்னார்:

"இதப் போட்டா பேச முடியாதா? ஏம்மா, இதுல ஒண்ணு எங்க சூப்பர்வைசருக்கு மாட்டி விடேன். ஒம்போது மாடியும் நிம்மதியா இருக்கும்."

ஓடும்போது வாய் பேச முடியாது என்பதால், எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைச் சுவரில் தொங்கும் அட்டையில் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அலுவலகப் பெண்கள் ஆறாம் நிமிடத்திலேயே "மிக மிகக் கடினம்" என்ற வரியைக் குத்திக் காட்டிக் கைப்பிடியில் சாய்ந்தார்கள். பத்தாம் நிமிடத்தில், மலைச்சரிவுபோல் பொறி சாய்ந்து நிற்க, மாடிப்படி அக்கா விரலை நீட்டி "சற்றே எளிது" என்ற வரியைத் தொட்டார். மற்றவர்களின் எண் இருபத்தைந்தைச் சுற்றியே இருந்தது. அவருடையது நாற்பத்தொன்று. முகமூடி ஒழுகுகிறது என்று எண்ணி, மூன்று லிட்டர் காற்றை அளந்து செலுத்தும் ஊசிப்பம்பால் கருவியைச் சரிபார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடி ஓடவிட்டாள் மூச்சம்மா. நாற்பத்திரண்டு வந்தது.

அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. காலம் இல்லை. எட்டு வாரப் பயிற்சி தொடங்கியது. வாரம் மூன்று நாள், மொத்தம் இருபத்து நான்கு வகுப்பு. பயிற்சி என்ன தெரியுமா? முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பெட்டி. இசைக்கேற்ப அதன்மேல் ஏற வேண்டும், இறங்க வேண்டும்.

"காலைல இருந்து ஒம்போது மாடி ஏறி எறங்கிட்டு வர்றோம்," என்று மாடிப்படி அக்கா பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "இங்கயும் ஏறி எறங்கணுமா? இந்தப் பெட்டிய யாரும்மா தொடைக்கிறது? அதையும் சொல்லிடு, ஒரேயடியா முடிச்சிடறோம்."

கூடம் முழுவதும் சிரித்தது. மூச்சம்மாவும் சிரித்தாள்.

எட்டு வாரம் கழித்து அலுவலகப் பெண்களின் எண் ஏறியிருந்தது. துப்புரவுப் பெண்கள் ஐவரின் எண்ணும் இறங்கியிருந்தது. ஏற்கெனவே உழைத்துக் களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும். அந்த ஓய்வைப் பிடுங்கிக்கொண்டு பயிற்சி என்ற பெயரில் மேலும் உழைப்பைக் கொடுத்தால் அது எப்படித் தேறும்? உண்மை கண் முன்னால் எண்ணாகி நின்றது. ஆனால் அந்த ஐந்து எண்களைச் சேர்த்துக் கணக்கிட்டால், பயிற்சியால் பலன் உண்டு என்ற முடிவு நிற்கவில்லை. புள்ளியியல் கணக்கு கைவிரித்துவிட்டது.

புதன்கிழமை காலை பேராசிரியரின் அறையில் நின்றாள். ஆய்வகம் அவருடையது. விண்ணப்பத்துக்கு வேண்டிய இரண்டு பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று முந்தைய பேராசிரியரிடமிருந்து வந்துவிட்டது. மற்றொன்றை இவர்தாம் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

"சார், இதுதான் சார் உண்மையான கண்டுபிடிப்பு. வேலையில உழைக்கிற உடம்பு வேற, உடற்பயிற்சி செய்யற உடம்பு வேற. கேள்வியவே மாத்தி எழுதிடலாம் சார்."

பேராசிரியர் கோபப்படுகிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா கமிட்டில உட்கார்ந்திருக்கறவங்க ஒரு விண்ணப்பத்துக்கு நாலு நிமிஷம் ஒதுக்குவாங்க. பயிற்சி குடுத்தோம், பலன் வந்துச்சு. இது ஒரு வரி. நீ சொல்றது ஒரு புஸ்தகம். யாரு படிப்பா?"

"அப்ப இந்த அஞ்சு பேர..."

"நம்ம விதிமுறையிலயே இருக்கே. இருபத்து நாலு வகுப்புல எண்பது சதவீதத்துக்குக் கீழ வந்தவங்கள நீக்கலாம்."

"அவங்க ஒரு நாள் கூட விடல சார்."

"அத நீ பாத்துக்கோ." அவர் கணினிப் பக்கம் திரும்பினார். "அட்டவணை சுத்தமா வந்தா, கடிதத்த நான் சுத்தமா எழுதறேன். உன் பழைய ரெண்டுக்கும் கடிதம் நான் எழுதல. பத்து வருஷத்துல என் கையெழுத்துல போன ஒரு விண்ணப்பம் கூடத் தோத்ததில்லம்மா. உனக்காக அந்தக் கணக்க மாத்த முடியுமா?"

அத நீ பாத்துக்கோ! பெரியோர்களே, இந்த மூன்று சொல்லுக்குள் எத்தனை பேருடைய குற்றம் ஒளிந்துகொள்கிறது பார்த்தீர்களா? கட்டளை இட்டவர் எதையும் சொல்லவில்லை. செய்கிறவர்தாம் செய்கிறார். நாளை விசாரணை என்றால், ஒருவர் கைகள் வெள்ளையாக இருக்கும், மற்றவர் கைகளில் மை இருக்கும்.

வீட்டில் அன்று மாலை அவள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்தால் முதலில் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுத்தான் பேசுவான். அன்று சட்டையோடு அவள் எதிரில் அமர்ந்தான்.

"என்ன டாக்டரே, எந்த நோயாளி செத்துட்டான்?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு உள்ளங்கைக் காய்ப்பைத் தேய்த்துக்கொண்டான்.

"அஞ்சு பேரோட பேர் ஒரு தாள்ல இல்லாம போனா, அவங்களுக்கு என்ன கொறஞ்சுடும்?"

"ஒண்ணும் கொறையாது. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"இருந்தா?"

"எனக்கு எல்லாமே போயிடும்."

"அப்புறம் என்னத்துக்கு யோசிக்கற? எழுதிடு." அவன் குரல் தாழ்ந்தது. "ஏம்மா, நீ போன வருஷம் பதில் வந்த அன்னிக்குக் குளியலறையில தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழுதியே, எனக்குக் கேக்கலன்னா நெனச்ச? மறுபடியும் அதக் கேக்க என்னால முடியாது. எழுதிடு."

அன்பும் சில வேளைகளில் அநீதியின் பக்கம் நின்று வாதாடும். அவன் வாயிலிருந்து வந்தது அன்புதான். அதனால்தான் அவளால் மறுத்துப் பேச முடியவில்லை.

வியாழக்கிழமை காலை ஆய்வகத்தில் யாரும் வருமுன் கணினியைத் திறந்தாள். வருகை அட்டவணையில் மாடிப்படி அக்காவின் வரிசையில் 24 என்றிருந்தது. அழித்தாள். கட்டம் வெறுமையாக மின்னியது. 15 என்று அடித்தாள். அடுத்தவருக்கு 17. அதற்கடுத்தவருக்கு 14. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று வெவ்வேறாக அடித்தாள். பொய்யைக்கூட ஆய்வு முறைப்படிதான் சொன்னாள். ஐவரின் பெயருக்கு எதிரே "வருகை போதாமையால் நீக்கம்" என்ற குறிப்பு ஏறியது. கணக்கைப் போட்டாள். முடிவு பளிச்சென்று நின்றது. அட்டவணையைப் பேராசிரியரின் அலுவலகத்துக்கு அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "நன்று. நாளை மதியம் கடிதம் ஏற்றுகிறேன்."

அன்றிரவு அவள் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பானேன்? மூன்று மாதத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல். விண்ணப்பத்தின் எல்லாப் பக்கங்களையும் ஏற்றிவிட்டு, கடிதம் வருவதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்படாமல் திறந்தது. மாடிப்படி அக்கா நின்றார். கையுறையைக் கழற்றவில்லை. அதிலிருந்து கிருமிநாசினி நீர் தரையில் சொட்டியது. தாம் துடைத்த தரையில் தாமே சொட்டவிடுகிறவர் அவர் இல்லை.

"மூச்சம்மா, நாங்க வரலையாமே?"

மூச்சம்மா திரையிலிருந்து திரும்பினாள். "என்னக்கா?"

"உங்க ஆபீஸ்லேர்ந்து சூப்பர்வைசருக்குத் தாள் போயிருக்கு. நான் பதினஞ்சு நாள்தான் வந்தேனாம். மத்தவளுங்களும் அப்படித்தானாம். 'வாரம் மூணு நாள், ஒரு மணி நேரம் முன்னாடியே எறக்கி விட்டேனே, ஆராய்ச்சிக்குப் போகாம எங்கடி போனீங்க'ன்னு எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேக்கறான். அஞ்சு பேரையும் திங்கக்கெழமைலேர்ந்து வர வேணாம்னுட்டான்."

அந்தத் தாள்! அதை அவள் அடியோடு மறந்திருந்தாள். ஆய்வு தொடங்கும்போது, துப்புரவுப் பெண்களை ஒரு மணி நேரம் முன்னதாக விடுவிக்கும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியவள் அவளேதான். "ஆய்வு முடிந்ததும் வருகைப் பட்டியல் அனுப்பப்படும்" என்ற கடைசி வரியும் அவளுடையதுதான். ஆய்வகத்தில் இருப்பது ஒரே அட்டவணை. அதை மாற்றினால் விண்ணப்பத்துக்குப் போவதும் அதுதான், நிர்வாகத்துக்குப் போவதும் அதுதான். அலுவலக உதவியாளர் வழக்கப்படி அனுப்பிவிட்டார். யாருக்கும் தெரியாமல் போகும் என்று நினைத்த பொய், இரண்டு மாடி இறங்கி, ஐந்து வீட்டு அடுப்பை அணைத்துவிட்டது.

"நீதான் ஒவ்வொரு நாளும் பேர் கூப்புட்டியே," என்றார் அக்கா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "எழுதறப்ப கை தவறிடுச்சா? தவறியிருந்தா பரவால்ல. யாருக்குத்தான் தவறல. வந்து ஒரு வார்த்த சொல்லிடும்மா."

மூச்சம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"கை தவறலக்கா," என்றாள். "தெரிஞ்சேதான் எழுதினேன்."

மாடிப்படி அக்கா டிரெட்மில்லின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"எதுக்கு?"

"நீங்க அஞ்சு பேரும் இருந்தா எனக்கு அந்த உதவித்தொகை கெடைக்காது."

"இத முன்னாடியே கேட்டிருந்தா நாங்களே நின்னுருப்போமே. வரலன்னு ஏன் எழுதின? வந்தோமேம்மா. கால் வீங்கின அன்னிக்கும் வந்தோமே." அவர் எழுந்தார். "இப்ப நீ என்ன செய்யப் போற? அத மட்டும் சொல்லு. பேச்செல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

வாசகர்களே, மணி அப்போது ஒன்றே கால். கடிதம் இன்னும் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் கடிதம் வராது. ஐந்து மணி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் கடிதம் வரும், அதன்பின் எதையும் சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கணக்கு அவளுக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்லி அவளைச் சிலையாக்க மாட்டேன். மூன்றே முக்கால் மணி நேரம் பொறுத்தால் போதும், பிறகு காலில் விழுந்தாவது சரிசெய்துவிடலாம் என்று அவள் மனம் மன்றாடியது. எதிரில் சொட்டிக்கொண்டிருந்த கையுறைதான் விடவில்லை. அக்கா கையை உதறக்கூட இல்லை. பதிலுக்காக நின்றார்.

மூச்சம்மா கணினிப் பக்கம் திரும்பினாள். 15-ஐ அழித்து 24 என்று அடித்தாள். ஐந்து வரியும் பழையபடி ஆனது. விண்ணப்பத்தில் ஏற்றிய அட்டவணையை நீக்கி, உண்மை அட்டவணையை ஏற்றினாள். நிர்வாகத்துக்கு நான்கு வரியில் திருத்தக் கடிதம் எழுதினாள்: இவர்கள் எல்லா வகுப்புக்கும் வந்தார்கள், பட்டியலைத் தவறாக மாற்றியவள் நான். பேராசிரியருக்கும் ஒரு படி அனுப்பினாள்.

ஏழாம் நிமிடம் தொலைபேசி ஒலித்தது.

"என்னம்மா இது?" பேராசிரியரின் குரல் வழக்கம்போல் மென்மையாக இருந்தது.

"சார், அவங்க வேலையே போயிடுச்சு சார்."

"அதுக்கு நிர்வாகத்துல பேசிக்கலாமே. அடுத்த வாரம் நானே ஒரு வார்த்த சொல்லியிருப்பேன்."

"சார், கடிதத்த மட்டும் ஏத்திடுங்க சார். உண்மைக் கணக்க வெச்சே நான் தோத்துப் போறேன். கமிட்டி வேண்டாம்னு சொல்லட்டும். நீங்க உள்ளேயே விடலன்னு ஆகக் கூடாது சார். உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"தோக்கறதுன்னு முடிவு பண்ணின குதிரைக்கு என் பேரு எதுக்கும்மா? நான் இப்ப ஊருக்குக் கெளம்பறேன். வழியில இணையம் கெடைக்குமோ என்னமோ. நீ நல்ல பொண்ணு. ஆனா ஆராய்ச்சிக்கு நல்ல பொண்ணு மட்டும் போதாது."

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அணைக்கப்பட்டிருந்தது. திரையில் அதே வரி அசையாமல் நின்றது: பரிந்துரைக் கடிதங்கள், இரண்டில் ஒன்று.

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது," என்றார் அக்கா, திரையைப் பார்த்து. "ஆனா உன் மூஞ்சிய வாசிச்சுட்டேன். வா, கீழ போலாம்."

மூன்றாம் மாடியில் மேற்பார்வையாளர் நான்கு மணி வரை காக்கவைத்துவிட்டுத்தான் அவளை உள்ளே அழைத்தார். திருத்தக் கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அவருடைய மேசை முன் மற்ற நால்வரும் சுவரோரம் நின்றார்கள்.

"இத யார் எழுதினது?"

"நான்தான்."

"நீங்க தற்காலிகம். நேத்து வரலன்னு எழுதினதும் நீங்க, இன்னிக்கு வந்தாங்கன்னு எழுதறதும் நீங்க. நாளைக்கு என்ன எழுதுவீங்க? முதல் தாள்ல பேராசிரியர் முத்திரை இருக்கு. இதுல இருக்கா?"

"கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு இருக்கு. கொண்டு வர்றேன்."

"அதுவும் உங்ககிட்ட இருந்ததுதானே?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். தாம் நேர்மையாக நடப்பதாக அவர் நம்பினார். அதுவும் தெரிந்தது. "ஒண்ணு பண்ணுங்க. கூட அந்த வகுப்புல பதினஞ்சு ஆபீஸ்காரங்க இருந்தாங்கல்ல? அவங்கள்ல மூணு பேர் எழுதிக் குடுக்கட்டும், இவங்க தெனம் வந்தாங்கன்னு. திங்கக்கெழம காலைல பத்து மணிக்குள்ள என் மேசைல இருந்தா, நான் பேசாம வேலைக்கு எடுத்துக்கறேன்."

மூன்று பேர்! மூன்றே மூன்று பேர்! எட்டு வாரம் அதே கூடத்தில், தோளோடு தோள் நின்று, ஒரே இசைக்கு ஏறி இறங்கியவர்கள் பதினைந்து பேர். மாடிப்படி அக்காவின் கேலிக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள். அவரிடம் இடுப்புவலிக்கு மருந்து கேட்டவர்கள். மூச்சம்மாவுக்கு உயிர் வந்தது. ஒரு வெள்ளைத் தாளை வாங்கிக்கொண்டு நான்காம் மாடிக்கு ஓடினாள்.

முதல் மேசையில் தட்டச்சுப் பிரிவின் பெண் தாளைப் படித்தாள், பேனாவை எடுத்தாள், பிறகு கீழே வைத்தாள்.

"வந்தாங்கதான். நான் இல்லங்கல. ஆனா எழுத்துல எதுக்குங்க? பேராசிரியர் முத்திரைக்கு எதிரா போற மாதிரி இருக்கே."

"முத்திரைல இருக்கறது பொய். நானே சொல்றேனே."

"நீங்க சொல்லிட்டீங்க, உங்களுக்குத் தைரியம். எனக்கு ரெண்டு பொண்ணு."

இரண்டாம் மேசைக்காரி கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தாள். "நான் எப்பவும் முன் வரிசைலதான் நிப்பேன். பின்னால யாரு நின்னாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அவங்க உங்களுக்கு முன்னால நின்னாங்க."

"அப்படியா?" என்று அவள் மீண்டும் எழுதத் தொடங்கினாள்.

மூன்றாம் மேசை காலியாக இருந்தது. நாற்காலியில் கைப்பை தொங்கியது. மேசையில் சூடு ஆறாத தேநீர் ஆவி விட்டது. மூச்சம்மா வருவதைப் பார்த்து எழுந்து போயிருக்கிறாள். நான்காமவள், "யோசிச்சு சொல்றேன் மூச்சம்மா, திங்கக்கெழம வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றாள். ஐந்தாமவளுக்கு எண் ஏழு கூடியிருந்தது, பயிற்சியில் மிக அதிகப் பலன் பெற்றவள் அவள்தான். அவள் மூச்சம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால என் ஒடம்பே மாறிடுச்சு, நான் உங்களுக்காக வேண்டிக்கறேன்," என்றாள். தாளைத் தொடவில்லை.

ஒன்பதாவது மேசைக்கு முன் நின்றபோது அவளுடைய கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். "உங்கள் விண்ணப்பம் முழுமை பெறாததால் பரிசீலனைக்கு ஏற்கப்படவில்லை." ஐந்து மணி ஆகி ஒரு நிமிடம். பதினோரு ஆண்டு போனது. ஆய்வுநல்கை போனது. மூச்சம்மா அதைப் பையில் போட்டாள். அழுவதற்கு நின்றால் பத்தாவது மேசைக்காரி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

பதினைந்தாம் மேசை வரை போனாள். தாளின் தலைப்பில் அவள் கையால் எழுதிய ஒரே வாக்கியம் இருந்தது: "இந்த ஐவரும் எல்லா நாளும் வந்தார்கள், நான் கண்ணால் கண்டேன்." அதற்குக் கீழே பதினைந்து கோடுகள் போட்டிருந்தாள். பதினைந்தும் வெறுமையாக இருந்தன. மனம் மாறுகிறவர் கையெழுத்திடட்டும் என்று கீழே வாயிற்காவலரின் மேசையில் அந்தத் தாளை வைத்து, பறக்காமல் இருக்க ஒரு பேனாவை அதன் மேல் வைத்தாள். ஐந்து பெண்களும் வெளியே படியில் காத்திருந்தார்கள். மாடிப்படி அக்கா நகர்ந்து தம் பக்கத்தில் இடம் விட்டார். மூச்சம்மா உட்காரவில்லை. உட்கார அவளுக்கு முகம் இல்லை.

அந்தத் தாள் அங்கேதான் இருக்கிறது. சனி போகும், ஞாயிறு போகும், திங்கள் காலை பத்து மணி வரும்.

இனி உங்களிடம் பேசுகிறேன். நீங்கள் அந்தக் கூடத்தில் இல்லை என்று சொல்லித் தப்பாதீர்கள். உங்கள் அலுவலகத்தில், உங்கள் பள்ளியில், உங்கள் தெருவில், வந்தவர்களை வராதவர்கள் என்றும், உழைத்தவர்களை உழைக்காதவர்கள் என்றும் முத்திரை குத்திய தாள் ஒன்று ஏதோ ஒரு மேசையில் இந்த நிமிடம் கிடக்கிறது. அது பொய் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணால் கண்டவர் நீங்கள். குழுவில் அமர்ந்திருக்கிறீர்களா? "நீக்கப்பட்டவர்கள் யார், ஏன்?" என்று கேளுங்கள், பதில் வரும் வரை கையொப்பமிடாதீர்கள். மாணவர் ஒருவரின் எதிர்காலம் உங்கள் ஒற்றைக் கடிதத்தில் தொங்குகிறதா? அந்தக் கயிற்றை அவர் கழுத்தில் போடாதீர்கள். படிவம் தயாரிக்கிறீர்களா? கைகளைக் கேளுங்கள், கால்களைக் கேளுங்கள், என்ன வேலை என்று கேளுங்கள். இவற்றில் எதுவுமே நீங்கள் இல்லையென்றால், பக்கத்து வரிசையில் நின்றவர் நீங்கள். அது போதும். வேண்டிக்கொள்ள வேண்டாம், யோசித்துச் சொல்ல வேண்டாம், தேநீரை வைத்துவிட்டு எழுந்து போக வேண்டாம். பேனாவை எடுங்கள். கண்டதை எழுதுங்கள். உங்கள் பெயரைப் போடுங்கள். இன்றே போடுங்கள்!